குட்டைவாளின் துரு

ஆயுத பூஜையன்று நாகவள்ளி தான் வேலை பார்க்கும் ஷார்ஜா வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, வேக்குவம் கிளீனர் என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாள்.

“என் நெத்தி ஒண்ணுதான் பாக்கி, அதுக்கும் வச்சிரு,” என்று கேலி செய்துவிட்டு டிரைவர் சாதிக் பாட்ஷா வண்டி கழுவப் போனார்.

முதலாளி மக்தூமை அவள் பாபா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அறையைப் பெருக்கப் போனபோது, மேசையில் வெள்ளைத் துணிமேல் ஜப்பான் குட்டைவாள் கிடந்தது. அன்று அதை ஒருவர் விலைக்குப் பார்க்க வருவதால் கைப்பிடியைக் கழற்றி வைத்திருந்தார். அலகு பளபளத்தது. பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியான வால் மட்டும் கறுத்துத் துருவேறிக் கிடந்தது. பூஜை நாளில் ஆயுதம் இப்படியா கிடப்பது? விளக்குத் துலக்கும் புளியைக் கொண்டுவந்து, வாலின் நுனியிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.

சாவி எடுக்க வந்த சாதிக் பாட்ஷா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யா அல்லாஹ்! என்ன காரியம் பண்ணிட்டே வள்ளி?”

“துருதானே பாய்?”

“அந்தத் துருதான் அதோட வயசு! அப்பனுக்குப் பிறகு மகன்னு தலைமுறை தலைமுறையா வாள் அடிச்ச குடும்பமாம். அடிச்சவன் பேரு அந்த வாலுலதான் வெட்டியிருக்காம். பேரையும் துருவையும் பார்த்துத்தான் அசல்னு நம்புவாங்க. வர்றவங்ககிட்டயெல்லாம் பாபா இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்காரு!”

தேய்த்த இடம் புதுத் தகரம் மாதிரி மின்னியது. பாபா போலீசைக் கூப்பிடுவாரோ? விசாவை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிடுவாரோ? மகள் சம்யுக்தாவின் நர்சிங் படிப்பு பாதியில் நின்றுவிடுமே. முருகா, முருகா என்று வேண்டிக்கொண்டாள்.

“பேசாம பிடியை மாட்டிரு,” என்றார் சாதிக் பாட்ஷா மெதுவாக. “யாரு தேய்ச்சதுன்னு தெரியாது.”

“அப்ப பாபா உங்களையும்தானே பாய் சந்தேகப்படுவாரு?”

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மக்தூம் தொழுகை முடிந்து வந்ததும், தெரிந்த இந்தியில் அவளே சொல்லிவிட்டாள். அவர் வாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெட்டியிருந்த பெயர் அழியாமல் தப்பியிருந்தது; ஆனால் அதன் அருகே வரை துரு தேய்ந்து போயிருந்தது. அவர் முகம் இருண்டது.

“எதற்கு?”

“இன்றைக்கு ஆயுதங்களைக் கும்பிடும் நாள், பாபா.”

மக்தூம் எண்ணெய்த் துணியால், வாலில் ஒட்டியிருந்த புளியைத் துடைக்க ஆரம்பித்தார். அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் ஒரு மும்பை வியாபாரி. அவள் தேநீர்த் தட்டோடு நுழையும்போது வாலைச் சுட்டிக்காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். “எந்த மடையன் சார் இதைத் தேய்த்தது?”

தட்டில் கோப்பைகள் கடகடத்தன. தேநீர் சாசரில் சிந்தியது. மக்தூம் எழுந்து வந்து தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“என் வீட்டில் நடந்த தப்பு,” என்றார் இந்தியில், அவளுக்கும் புரியும்படி. “என்னுடையது. விலையைக் குறைத்துச் சொல்லுங்கள்.”