டெபாசிட்டுக்கு வைத்த வாசல்

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் குற்றாலலிங்கம் மூன்றாவது தடவை ஜெயித்த பிறகு பேருந்து நிழற்குடை ஆகிவிட்டார். தெருமுனையில், வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். நெற்றியில் அவர் பெயரும், எந்த நிதியில் கட்டப்பட்டது என்பதும் எழுதியிருக்கிறது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஐந்தாவது ஆள் வந்தால் அவரே கொஞ்சம் நீண்டுகொடுப்பார்.

அந்த வழியாகப் பேருந்து கிடையாது. அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. நிழல் இருந்தது.

குறை சொல்லப் போகிறவர்கள் அவருக்குள் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்வார்கள். தகரக் கூரை கொஞ்சம் முனகும். "ஆவன செய்யப்படும்" என்று காதில் விழும். எழுந்து வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். என் வீட்டுத் தண்ணீர்க் குழாய் விஷயமாக நானும் போய்ச் சொல்லியிருக்கிறேன். ஆவன செய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தத் தடவை கட்சி ஒரு புது ஏற்பாடு செய்தது. சட்டசபைத் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்பதைத் தலைமை சொல்லாது. தெரு சொல்ல வேண்டும். தொகுதியில் எத்தனையோ தெரு இருக்க எங்கள் தெருவை ஏன் எடுத்தார்கள் என்று மேலிடப் பார்வையாளரிடம் கேட்டேன். அவர் சென்னையிலிருந்து வந்தவர். வீட்டுக்குள்ளும் குடையை மடக்குவதில்லை.

"இதுதான் வளையாமல் இருக்கிறது" என்றார்.

ஓட்டுப் போடும் முறை சுலபம். யார் வேண்டுமோ அவர் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போக வேண்டும். சாயங்காலம் பார்வையாளர் வந்து எண்ணுவார். அடுத்த தேர்தல்வரை அந்தச் செருப்பு திரும்ப வராது.

ரகசிய வாக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் செருப்பு என்ன ரகசியம். எந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பேர் உண்டு. இடது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தால் லூர்து வாத்தியார். வாரில் ஊக்கு குத்தியிருந்தால் மாவு மில்காரர் சம்சாரம். அது அடுத்தவர் வீட்டு வாசலில் எத்தனை நேரம் கிடந்தது என்றும் எனக்குத் தெரியும். நானாக யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சொல்வேன்.

குற்றாலலிங்கத்தை எதிர்த்து நிற்க ஒரே ஒருவர் வந்தார். என் எதிர் வீட்டுக் கோமதிநாயகம். கல்யாண மண்டபத்தில் மேனேஜர். கட்சிக் கூட்டம் என்றால் ஜமக்காளம் விரிப்பதும், கூட்டம் முடிந்ததும் அதை உதறிச் சுருட்டுவதும் அவர்தான். மேடையில் ஏறி நான் பார்த்ததில்லை. மேடைக்குக் கீழே குனிந்து எதையோ சரிசெய்துகொண்டிருப்பார்.

ஒரு நாள் நான் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"மைனி, நிக்கலாம்னு பாக்கேன்."

"எங்க?"

"குற்றாலலிங்கம் அண்ணாச்சிக்கு எதுக்க."

நான் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நில்லுங்க தம்பி. நீங்க நின்னா நாங்க போடாம வேற யாரு போடுவா?"

இதை எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்வது மாதிரி. சொல்கிறவர் வீட்டில் சோறு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்கிறவர் "இருக்கட்டும், இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதுதான் முறை.

கோமதிநாயகம் "சரி மைனி" என்றார். நான் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதையே கேட்டார். அங்கேயும் அதையே சொன்னார்கள். தெருக்கடைசிவரை போய்விட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொல்லவில்லையாம்.

பார்வையாளர் டெபாசிட் கேட்டார். பணம் செல்லாது. வீட்டு வாசலை வைக்க வேண்டும். நிலை, கதவு, படி, கோலம் போடுகிற இடம் எல்லாம் சேர்த்து. வெளி ஆள் செருப்பு ஒரு ஜோடி விழுந்தால் போதும், வாசல் திரும்பக் கிடைக்கும். ஒன்றும் விழாவிட்டால் கட்சி எடுத்துக்கொள்ளும். வீட்டு ஆட்கள் செருப்பு சேர்த்தி இல்லை.

குற்றாலலிங்கத்திடம் டெபாசிட் கேட்கவில்லை. அவருக்கு மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. எது வாசல் என்று தீர்மானிக்க முடியவில்லை என்றார்கள்.

கோமதிநாயகத்தின் மனைவி ஆவுடை படியில் நின்று பார்வையாளரைக் கேட்டாள். "ஒரு ஜோடி போதுமா? ஒண்ணே ஒண்ணு?"

"ஒன்று."

"அப்ப சரி. எதுத்தாப்புல பிரமு அக்கா இருக்காவ."

பிரமு நான்தான். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். நான் சட்டென்று வீட்டுக்குள் போய் எதையோ தேடினேன்.

தேர்தல் அன்று நல்ல வெயில். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். எதிர் வாசலில் ஆவுடை பெரிய கோலமாகப் போட்டிருந்தாள். பொங்கலுக்குக்கூட அவள் அவ்வளவு பெரிதாகப் போட்டதில்லை. ஓரத்தில் செருப்பு விட இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை கழுவினாள்.

மத்தியானம்வரை அந்த இடம் காலியாக இருந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். எதிர் வீட்டுக்குத்தான். தெருவைக் கடந்தால் வந்துவிடும். சரி, முதலில் ஒரு எட்டு முனைவரை போய், யார் யார் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து போடலாம் என்று நினைத்தேன். பார்ப்பதில் என்ன இருக்கிறது.

நிழற்குடை வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. இடது குதிகால் கிடந்தது. ஊக்கு கிடந்தது. தெரு மொத்தமும் கிடந்தது. குற்றாலலிங்கம் வாய்க்கால் கரையோரமாகக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீண்டிருந்தார். பெஞ்சு நெடுக ஆட்கள் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

லூர்து வாத்தியார் முதல் ஆளாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் எடுத்தவர்.

"என்ன பிரமு, பஸ்ஸுக்கா?"

"சும்மா பாக்க வந்தேன் சார்."

"நாங்களும் அதான்."

"கோமதிநாயகத்துக்குப் போடுதேன்னு சொன்னியளே."

"நீயும் சொன்ன." வாத்தியார் காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார். "வெயில் என்னமா அடிக்கி பாரு. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. இப்பதான் தரை கழுவிருக்கு."

பெஞ்சின் அந்தக் கடைசியில் சிவப்பாக ஒரு சேலை தெரிந்தது. அது யார் என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் அந்தச் சிவப்பு யாரிடமும் கிடையாது. தெரியாமல் வீட்டுக்குப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. செருப்போடு உள்ளே போகவும் முடியாது.

கழற்றினேன். ஓட்டுப் போடவில்லை. கழற்றினேன், அவ்வளவுதான்.

தரை ஈரமாக இருந்தது. நடக்க நடக்கப் பெஞ்சு இன்னும் கொஞ்சம் நீண்டது. ஒவ்வொருவராகத் தாண்டிப் போனேன். நான் தாண்டும்போது ஒவ்வொருவரும் வாய்க்காலில் எதையோ பார்த்தார்கள். ஒருவழியாகக் கடைசிக்கு வந்தேன்.

சேலை இல்லை. சிவப்பு ஜமக்காளம். ஆளும் இல்லை.

"யாரு விரிச்சது?" என்று பக்கத்தில் இருந்த மாவு மில்காரர் சம்சாரத்தைக் கேட்டேன்.

"கோமதிநாயகந்தான். நேத்து வந்து விரிச்சுட்டுப் போனாரு. ஓட்டுப் போட வர்றவங்க உக்கார வசதியா இருக்கட்டும்னு."

"இங்கயா விரிச்சாரு?"

"அவரு வீட்டுல எடம் பத்தாதுல்லா" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூரை முனகியது. "ஆவன செய்யப்படும்." நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

வெளியே வந்தேன். குடையோடு பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார்.

"என் செருப்ப எடுத்துக்கிடுதேன். நான் சும்மா பாக்க வந்தவ."

"தாராளமாக. எது உங்களுடையது?"

குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒரே செருப்பாகக் கிடந்தன. குதிகால் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. எல்லா வாரிலும் ஊக்கு இருந்தது. யார் வீட்டுச் செருப்பையும் சொல்லிவிடுகிற எனக்கு என் செருப்பு எது என்று சொல்லத் தெரியவில்லை. இப்படி ஒரு கூச்சம் எனக்கு வயதுக்கு வந்த காலத்தில்கூட வந்ததில்லை.

"விழுந்தது விழுந்ததுதான்" என்றார் பார்வையாளர்.

நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். தரையில் கழுவிவிட்டிருந்தது தண்ணீர் இல்லை, மை. ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிற அதே மை. என் பாதம் இரண்டும் கருநீலத்தில் ஒவ்வொன்றாகப் பதிந்து என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் பாதம் போடுவோமே, அந்த மாதிரி. மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் நிழற்குடையைவிட்டு வெளியே வரவில்லை.

நான் என் வீட்டுக்குத்தான் புறப்பட்டேன். தெரு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் எதிர் வீட்டு வாசலில் கொண்டு விட்டது.

ஆவுடை எழுந்து நின்றாள். "வாங்கக்கா. நேரமாச்சேன்னு பாத்தேன். செருப்பு விட எடம் இருக்கு."

பிறகு கீழே பார்த்தாள்.

"உள்ள வாங்க" என்றாள். "வெயில்ல நிக்கிய."

கோலத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன். கோலம் பெரியது. மிதித்துத்தான் போக முடிந்தது. கூடத்தில் ஒரு நாற்காலி போட்டாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் வந்த வழியைப் பழந்துணியை நனைத்துத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள்.

"நல்ல மை" என்றாள்.

"தம்பி எங்க?"

"வீடு வீடா நன்றி சொல்லப் போயிருக்காவ. நடுவுல ஒருக்க வந்தாவ. ஒரு வீட்டுலயும் ஆளக் காணுமாம். எல்லாரும் ஓட்டுப் போடப் போயிருக்காவ போலன்னு ஒரே சந்தோஷம்."

நான் டம்ளரைப் பார்த்துக் குடித்தேன். சொல்லிவிடலாம் என்று பாதி டம்ளரில் வாயெடுத்தேன். அதற்குள் கட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மரியாதைப்பட்ட ஆட்கள்தான். "கொஞ்சம் தள்ளிக்கிடுங்கம்மா" என்றார்கள். கதவைக் கழற்றினார்கள். நிலையை உருவினார்கள். படியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். கோலத்தைப் பாய் மாதிரி சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் குடையோடு எட்டிப் பார்த்து, "பூஜ்யம்" என்றார். ஆவுடை தலையை ஆட்டினாள். விரல் வெட்டு ஆறுகிற மாதிரி சுவர் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்துகொண்டது. கூடம் இருட்டியது.

"நான் கெளம்புதேன் ஆவுடை."

"எப்படிக்கா?"

"பொறவாசல் இருக்குல்லா."

"அத வார்டு தேர்தலுக்கு டெபாசிட்டா வச்சாவ" என்றாள்.

அது எனக்குத் தெரியாது. எதிர் வீட்டில் ஒன்று நடந்து, எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்தத் தேர்தலிலும் நான் அவருக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. அதன் வழியாகத் தெருச் சத்தம் வந்தது. யாரோ ஏணியைச் சாத்தினார்கள். சுண்ணாம்பு வாளி நங்கென்று தரையில் உட்கார்ந்தது.

"ஜன்னல் கெடையாது, கதவு கெடையாது. இப்படி ஒரு சுவரு தொகுதியிலயே கெடையாது" என்றது ஒரு குரல். சுவர் விளம்பரம் எழுதுகிற பெயின்டர். "யாரு வீடு?"

"என் வீடுதான்." கோமதிநாயகம் வந்துவிட்டார்.

"அப்படியா. ஏணியக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி. ஆடுது."

"பிடிச்சிருக்கேன். ஏறுங்க. 'கு'வ அவ்வளவு பெருசா ஆரம்பிக்காதிய. குற்றாலலிங்கம்னு பேரு நீளம். எடம் பத்தாமப் போயிரும்."

"ஆமா, அதுவும் சரிதான்."

பிரஷ் சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. ஆவுடை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆவுடை" என்று வெளியிலிருந்து கூப்பிட்டார்.

"என்னங்க."

"யாரோ நம்ம வீட்டுக்கு வந்திருக்காவ. தெருமுனையிலேர்ந்து காலடி வரிசையா வந்து, நம்ம சுவர்ல முட்டி நிக்கி. வெறுங்கால், பாத்தியா. செருப்ப விட்டுருக்காவ. அத அந்த ஆளு எண்ணாம விட்டுட்டாரு."

ஆவுடை பழந்துணியை முறுக்கிப் பிழிந்தாள்.

"சின்னப் பாதம். பொம்பளையாளு. பிரமு மைனியாத்தான் இருக்கும். நான் அன்னைக்கே சொன்னேன்லா, மைனி சொன்னாச் செய்வாவன்னு. ஒண்ணு விழுந்திருக்கு ஆவுடை. பூஜ்யம் இல்ல."

ஆவுடை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். சேலையின் விளிம்பில் நீலம் ஊறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் ஆவுடை முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள் ஆவுடை சுவரிடம். "அக்கா போட்டாவ. நான் பாத்தேன்."

"பாத்தியா" என்றார் அவர். பிறகு பெயின்டரிடம், "கொஞ்சம் எறக்கி எழுதுங்க, அந்தப் பக்கம் மேல ஏறுது" என்றார். குரலில் அப்படி ஒரு தெம்பு.

ஆவுடை கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். தன் செருப்பை எடுத்துத் தூசி தட்டி என் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்கிடுங்கக்கா. அவுக உள்ள வந்து உங்க காலப் பாத்தா சங்கடப்படுவாவ."

அவர் எப்படி உள்ளே வருவார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் செருப்புப் போட்டு எனக்குப் பழக்கம் இல்லை. போட்டுக்கொண்டேன். ஒரு அளவு சின்னது. குதிகால் வெளியே தொங்கியது.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள்.

"இருக்கட்டும் ஆவுடை, இன்னொரு நாள்" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய் எனக்கும் சேர்த்து அரிசி களைந்தாள்.