படகுக்காரர் சொன்ன சொல்

கல் கொத்துகிறவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் நானும் சித்தியும் அந்தத் தீவுக்குப் படகேறினோம். அப்பாவின் கல்லறைக் கல்லில் அம்மாவின் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருந்தேன். பெயர் சரி, இறந்த தேதி எங்கே என்றார். எனக்குத் தெரியாது.

எனக்கு ஐந்து வயதாகும்போது அம்மாவைத் தீவிலிருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதன் பிறகு நடந்ததைப் பற்றி அப்பா சொன்னது மொத்தமே நாலு வரி. மாதக் கடைசியில் பார்க்கப் போனாராம். படகுத்துறையிலேயே படகுக்காரர், "அவங்க போயிட்டாங்களே" என்றாராம். அப்படியே திரும்பிவிட்டாராம். அந்த ஆஸ்பத்திரியில் உடம்பைத் தர மாட்டார்கள், அங்கேயே புதைத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்; அப்புறம் எதற்காகப் படகேறுவது?

அப்பா ரோடு ரோலர் ஓட்டினார். ரோடு போகிற இடத்துக்கெல்லாம் எங்கள் வீடும் போகும். அந்த மாதமே பழைய வீட்டைக் காலி செய்து, என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அம்மா பக்கத்தில் கேட்க நாதியில்லை. அடுத்த வருஷம் சித்தி வந்தாள்.

ஆஸ்பத்திரியை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது அதைப் பழைய மாதிரியே சீர்செய்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எழுபத்தாறு வயதுக்காரியை அங்கே இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமே இல்லை. முட்டி மடங்காது, படகில் யார் தூக்கி ஏற்றுவது என்று சத்தம் போட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

தீவு முழுக்க உருளைக்கிழங்கு வயல், ஆடுகள், ஒரே ஒரு ரோடு. ஒரு டிக்கெட்டுக்கு மூன்று இடம்: வலையும் நங்கூரமும் வைத்த காட்சியகம், கோட்டை, ஆஸ்பத்திரி. டிக்கெட் கிழிப்பது, விளக்கம் சொல்வது, கதவு பூட்டுவது எல்லாம் ஒரே காவல்காரம்மாள்தான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். வரிசைப்படிதான் பார்க்கணும் என்று சாவிக்கொத்தை ஆட்டினாள். நங்கூரம் பார்க்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று எகிறினேன். சித்தி என் முழங்கையைக் கிள்ளி, ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்றாள். எனக்கு ஐம்பத்தைந்து வயது, இன்னும் கிள்ளுகிறாள்.

ஒவ்வொரு நங்கூரத்தின் முன்னாலும் நின்று, இது எத்தனை கிலோ, யார் செய்தது என்று விசாரித்தாள். கோட்டை என்று பலகைதான் சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இடுப்பு உயர மதிலும் அதன் மேல் நின்ற இரண்டு ஆடுகளும்தான். அதையும் சுற்றிப் பார்க்கணும் என்றாள். மூச்சிரைக்க அவள் மதிலில் சாய்ந்து நின்றபோதுதான், நேரத்தைக் கடத்துகிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

"தேதியை மட்டும் எழுதிக்கிட்டு வந்துடு. வேற எதையும் நோண்டாதே," என்றாள்.

ஏன் என்று கேட்டேன். ஆட்டைப் பார்த்தபடியே சொன்னாள். அவளுக்குக் கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, மூத்தவள் தீவில் உயிரோடுதான் இருக்கிறாளாம் என்று காதில் போட்டாளாம். சித்தி அப்பாவிடம் கேட்டாளாம். அவர் சத்தியம் செய்தாராம். நாற்பத்தொன்பது வருஷமாக அந்த முள் அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. அவள் வந்தது அம்மா எப்போது செத்தாள் என்று பார்க்க இல்லை, தன் கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று பார்க்க.

ஆஸ்பத்திரி நீளமான ஒரே கூடம். இரும்புக் கட்டில்கள் இரண்டு வரிசை. காற்று வரவேண்டும் என்று கடல் பக்கத்து ஜன்னல்களுக்குக் கதவே வைக்கவில்லை. அலுவலக அறையில் காவல்காரம்மாள் பெயரைக் கேட்டுக்கொண்டு தடித்த பதிவேடு ஒன்றை எடுத்தாள். டாக்டர் கையெழுத்து புரியாமல் என் பக்கம் திருப்பினாள். நான் முப்பது வருஷமாகக் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதின டாக்டர் சீட்டெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அப்பா பார்க்கப் போன அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி: அறுவைக்காகக் கரையில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். இரண்டு மாதம் கழித்து: திரும்பச் சேர்க்கப்பட்டார், ஒரு நுரையீரல் எடுக்கப்பட்டது. அதற்குக் கீழே வருஷத்துக்கு ஒரு வரி. 'குணம். உறவினர் வந்தால் அனுப்பலாம். யாரும் வரவில்லை. துணி அறையில் தையல் வேலை.' எல்லா வருஷமும் அதே வரி. கடைசியில்தான் அந்தத் தேதி இருந்தது. அப்போது எனக்குப் பதினாலு வயது.

படகுக்காரர் பொய் சொல்லவில்லை. அம்மா போய்த்தான் இருந்தாள், அவருடைய படகிலேயே ஏறிக் கரை ஆஸ்பத்திரிக்கு. ஆனால் நம் வீடுகளில் கடைக்குக் கிளம்புகிறவன்கூடப் போறேன் என்று சொல்ல மாட்டான், வரேன் என்பான். போறேன் என்றால் வாயிலேயே அடி விழும். அப்படிப் பழகின காதுக்கு 'போயிட்டாங்க' என்றால் ஒரே அர்த்தம்தான். எங்கே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அந்த மனுஷன். ரோடு போட மட்டும் ஜல்லி ஜல்லியாகப் பார்த்துப் பார்த்து அமுக்குவார்.

"என்ன தேதிம்மா?" என்றாள் சித்தி.

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த எழுத்து தெரியப் போவதில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எல்லோர் மேலும் கோபம், இவள் மேலும். உள்ளபடியே சொன்னேன். சித்தி விரல் விட்டு எண்ணினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஒரு கணம் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

உட்காரக் கூடாது என்று பலகை தொங்கிய கட்டிலில் போய் உட்கார்ந்தாள். காவல்காரம்மாள் தடுக்கவில்லை.

"எட்டு வருஷம்," என்றாள் சித்தி. "அவங்க உசுரோட இருக்கும்போதே அவங்க இடத்துல போய் உக்காந்திருக்கேன்."

நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

காவல்காரம்மாள் உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். போன இடத்தில் ஆள் இல்லாமல் திரும்பி வந்த கடிதங்களைத் துணி அறையில் கண்டெடுத்தார்களாம். குடும்பத்தார் வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடாம். அதில் அம்மா எழுதியது பதினொன்று இருந்தது. எல்லாம் நாங்கள் காலி செய்த பழைய வீட்டு விலாசத்துக்கு. எல்லாவற்றிலும் 'விலாசதாரர் இல்லை' என்ற முத்திரை. ஒன்றைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை.

தேதி பார்த்து முதல் கடிதத்தைப் பிரித்தேன். அம்மாவின் எழுத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். சித்தி சத்தமாகப் படிக்கச் சொன்னாள். வேண்டாம் என்றேன். படி என்றாள்.

"இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. தலகாணி உறை தைக்கக் குடுக்கறாங்க. நீங்க ஏன் வரலேன்னு கேக்க மாட்டேன். வேலை இருக்கும், இல்ல என் மேல கோபம் இருக்கும். ஒண்ணு மட்டும் ரெண்டு வரி எழுதிப் போடுங்க. பாப்பாவுக்குத் தலை யாரு பின்னி விடறாங்க? உங்களுக்கு வராதே. அவளுக்குச் சுருட்டை முடி. சிக்கெடுக்கும்போது இழுத்தா அழுவா."

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. சித்தி கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். கண்ணாடி போடவில்லை, படிக்கவும் முயலவில்லை. மடியில் வைத்து நீவிவிட்டு, அந்தக் காகிதத்தைப் பார்த்தே பேசினாள்.

"நான்தான்க்கா," என்றாள். "இழுக்காமத்தான் பின்னி விட்டேன்."