சாம்பல் நிறத்துக்கு அடியில்

1

காலை பத்து நாற்பது. இந்தக் கதை அந்த நிமிடத்தில் கிடைத்தது. எனக்கல்ல, அவளுக்கு. அவளுடைய கணினி நிரல் திரையில் எழுதிய ஒரு வரிதான் என் கைக்கு வந்தது:

கட்டம் C2, நிறம் FF92D050

மீதியை நான் கட்டினேன். தெரிந்துகொண்டே படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘அக்காவும் தங்கையும் மூன்று மாதமாகப் பேசவில்லை.’ அடித்துவிட்டேன். மூன்று மாதச் சண்டை என்று நினைப்பீர்கள். சண்டை ஒரு நாள்தான். மீதி நாள் எல்லாம் பழக்கம்.

இரண்டாவது: ‘அப்பாவின் வலது கை விழுந்த அன்று’ [இங்கேயே விட்டேன். நோயாளியைக் காட்டிக் கண்ணீர் வாங்க வேண்டாம்.]

ஆனால் அப்பா இல்லாமல் கதை நகராது. அவர் படுக்கையில் இருக்கிறார். நிரல் எழுதும் வேலை பார்க்கும் தங்கை, யாரையும் கேட்காமல் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அக்காவுக்கு வேறு ஊரில் தையல் கடை.

“என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?”

“கேட்டா வேணாம்னுதான் சொல்லியிருப்ப.”

அத்தோடு போன் நின்றது. ஓர் ஏற்பாடு மட்டும் மிஞ்சியது. இருவரும் திறக்கக்கூடிய ஓர் எக்செல் தாள். கடைக்கு விடுமுறை ஞாயிறுதான் என்பதால் வரிசைக்கு ஒரு ஞாயிறு. வர முடிந்தால் மூன்றாவது கட்டத்தில் அக்கா தன் பேரைத் தட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் தங்கையின் நிரல் தாளைப் படிக்கும். பேர் இருந்தால் அக்காவுக்கு ‘வா’ என்றும் தங்கைக்கு ‘வருகிறாள்’ என்றும் செய்தி போகும். இல்லாவிட்டால் தங்கைக்கு ‘யாரும் இல்லை’ என்று வரும்.

இருவரும் ரோஷக்காரிகள். நடுவில் வாயில்லாத ஒன்று இருந்தது வசதியாகப் போயிற்று.

3

வெள்ளிக்கிழமை தங்கையின் செல்பேசி அதிரும். அவள் உடனே பார்க்க மாட்டாள். அக்காவுக்கு எந்தக் கட்டில், எந்தத் தலையணை, காலையில் யார் முதலில் குளிப்பது என்பதுவரை யோசித்து முடித்துவிட்டுத்தான் திருப்பிப் பார்ப்பாள். யாரும் இல்லை.

“பெரியவ வர்றாளா?” அப்பாவுக்கு நாக்கு குழறும். இந்தக் கேள்வி மட்டும் தெளிவாக வரும்.

“பேர் போடலப்பா.”

“மறந்திருப்பா.”

“எல்லா வாரமுமா?”

அப்பா சுவர்ப்பக்கம் பார்ப்பார். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றும். அடுத்த வெள்ளிக்கிழமையும் சொல்வாள்.

4

அலுவலகத்தில் புது வேலை வந்தது. ஒரு கிடங்கின் ஆட்கள் சரக்கின் நிலையை எழுதுவதில்லை. கட்டத்துக்கு வண்ணம் அடிக்கிறார்கள். எழுத்தை விட்டுவிட்டு நிறத்தைப் படிக்கும் நிரல் வேண்டும்.

எழுதினாள். சோதிக்க, நிறம் முன்கூட்டியே தெரிந்த ஒரு தாள் தேவைப்பட்டது. வீட்டுத் தாளை இறக்கினாள். நாள் கடந்த வரிசை தானாகச் சாம்பல் நிறமாகும் என்று அதில் அவளே விதி போட்டிருந்தாள். ஆகவே கடந்துபோன பதினோரு ஞாயிறும் சாம்பலாக வர வேண்டும்.

முதல் ஒன்பதும் FF92D050 என்று வந்தன. வெளிர்பச்சை. பத்தாவதும் பதினொன்றாவதும் எட்டுப் பூஜ்யம். அதாவது, நிறமே இல்லை.

தப்பு நிரலில்தான் என்று அரை மணி நேரம் தேடினாள். தாளைக் கண்ணால் பார்த்தால் பதினொன்றும் சாம்பல்.*

“என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்க?” பக்கத்து மேசைக்காரர். எல்லோரும் அவரைக் கண்ணாடி என்பார்கள், கண்ணாடி போடாதவர்.

“சாம்பலா இருக்கற கட்டத்தைப் பச்சைங்குது.”

“விதி போட்ட நிறத்த இது படிக்காது. கையால அடிச்சதத்தான் படிக்கும். யாரோ பச்சை அடிச்சிருக்காங்க. உன் விதி மேல வந்து மூடிடுச்சு.”

“யாரும் அடிக்கலியே.”

“அப்ப பேய்தான்,” என்று அவர் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தாளைத் திறக்கக்கூடியவர்கள் இருவர். அக்கா கடையில், தைத்து முடித்த துணிக்குச் சீட்டு எழுதுவதில்லை. காலரில் பச்சை நூலால் ஒரு முடிச்சுப் போடுவாள். தயார் என்று அர்த்தம். இது தங்கைக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

தெரிந்தவள் எழுதிய நிரல் எழுத்தை மட்டுமே தேடியது.

* விதியின் நிறம் மேலே, கையின் நிறம் அடியில். கண்ணுக்கு மேலே இருப்பது மட்டும் தெரியும். இதற்கு உவமை ஒன்று எழுதி, எடுத்துவிட்டேன்.

5

அக்காவை நான் நம்பவில்லை. ஒன்பது வாரம் பச்சை அடித்துவிட்டு ‘வா’ வரவில்லை என்று வீட்டிலேயே இருப்பாளா? பேருந்து ஏறி வந்து கதவைத் தட்ட மாட்டாளா? அவளைத் தட்ட வைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் வேறு யாரோ ஆனாள். என் கதையின் அக்கா, சனிக்கிழமை சாயங்காலம் துணியை மடித்துப் பையில் போட்டுத் தையல் மெஷின்மேல் வைப்பவள். ஞாயிறு மதியம் துணியை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்குபவள். ஒன்பது முறை. பத்தாவது வாரம் பையை எடுக்கவில்லை.

கேட்காமல் ஒரு தரம் அப்பாவைக் கொண்டுபோனவள், கூப்பிடாமல் ஒன்பது தரம் இருந்துவிட்டாள் என்றுதான் அக்கா கணக்குப் போட்டிருக்க முடியும்.

6

முடிவு ஒன்று: தங்கை நிரலைத் திருத்துகிறாள், ‘வா’ என்று செய்தி போகிறது, அக்கா வருகிறாள். எழுதிப் பார்த்தேன். மறுபடியும் நிரலே பேசுகிறது. அடித்தேன்.

முடிவு இரண்டு: அப்பா அதற்குள் [இல்லை. அதை நான் செய்ய மாட்டேன்.]

மூன்றாவதை முடிக்கத் தெரியவில்லை. இருக்கிற வரை தருகிறேன். அவள் அலுவலக மாடிப்படியில் நின்று போன் செய்கிறாள். ஏழாவது மணியில் அக்கா எடுக்கிறாள். பின்னால் மெஷின் சத்தம்.

“அப்பாவுக்கு என்னடி?”

“அப்பா நல்லாருக்காரு. அக்கா... பச்சை அடிச்சியா?”

மெஷின் நின்றது.

“இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“என் புரோகிராம் பேரைத்தான் பாக்கும். நிறம் அதுக்குத் தெரியாதுக்கா. இன்னிக்கு வேற வேலையா...”

“அதுக்குத் தெரியாது, சரி.” அக்காவின் குரல் உயரவில்லை. “ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேரு வந்திருக்கான்னு நீயே தொறந்து பாக்கணும்னு உனக்குத் தோணலியாடி?”