டிசம்பர் முப்பதா, ஜனவரி பதினான்கா

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டவேண்டாம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர் நூலகத்தில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சனிக்கிழமைகளில் ஊராருக்கு இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஒரு தம்பதியிடமிருந்து திருடியது இது. மேசையில் கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன். ஆகவே பெயர், வயது, வீட்டுக் கூரையின் நிறம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். குளிரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

2

தொடக்கம் ஒன்று: "பனி, ஊரின் மேல் விரித்த வெள்ளைப் போர்—"

அடச் சே. பத்தொன்பது வருடம் பனியை வழித்துக் கொட்டிய கை எழுதுகிற வரியா இது?

தொடக்கம் இரண்டு: "ஹீட் பம்ப் என்பது—" (ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒன்று. வெளியே உறைகிற காற்றில் மிச்சமிருக்கும் சூட்டைக் கறந்து வீட்டுக்குள் தள்ளும். இவ்வளவு போதும்.)

தொடக்கம் மூன்றில், ரகசியம் காப்பதற்காக ஹீட் பம்பைச் சூரியத் தகடாக்கிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. கூரைமேல் இருப்பதைக் கணவனுக்குத் தெரியாமல் ஓட்ட முடியுமா?*

* அவசரத்தில் பாதிக் கதையை உளறிவிட்டேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

3

ஆர்மண்ட் மிஷோ காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி லொரெய்ன் தபால் நிலையத்தில். ஆர்மண்டுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, வீட்டைத் தன் கையால் பிளந்த விறகுதான் சூடாக்கவேண்டும். இரண்டு, அரசாங்கத் தாளில் பொய் எழுதக் கூடாது.

லொரெய்னுக்கு ஹீட் பம்ப் வேண்டும். செலவில் முப்பது சதவீதம், அதிகபட்சம் இரண்டாயிரம் டாலர், கட்டவேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம் என்றது சட்டம். அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு சரி. இரண்டாயிரம் என்றதும் ஆர்மண்ட் இறங்கி வந்தார்.

"மாட்டிக்கோ. ஆனா கொட்டகையில ஒரு கட்டை இருக்குற வரைக்கும் அதை ஓட்டக் கூடாது."

"எத்தனை கட்டை இருக்கு?"

"நாலு வருஷத்துக்கு."

டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். லொரெய்ன் அதற்குத் துணிப்பூ வைத்த உறை ஒன்று தைத்துப் போட்டாள்.

(உறை என் கற்பனை. நிஜத்தில் என்ன போட்டிருந்தாள் என்று சொன்னால் எங்கள் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

4

இப்போது மேசை. நான் படிவத்தில் கை வைத்தபடி கேட்கிறேன்: "மெஷின் எந்தத் தேதியிலேர்ந்து பயன்பாட்டுல இருக்கு?"

"ஜனவரி பதினாலு," என்றார் ஆர்மண்ட். "முதுகு பிடிச்சுக்கிச்சு. விறகு தூக்க முடியலை. அன்னைக்குத்தான் ஓட்டச் சொன்னேன்."

"ஜனவரின்னா சலுகை கிடைக்காதே."

மேசைக்கடியில் ஒரு பூட்ஸ் என் காலை மிதித்தது. லொரெய்னின் பூட்ஸ்.

"டிசம்பர் முப்பதுன்னு போடு, கண்ணு," என்றாள்.

"அன்னைக்கு மாட்டினாங்க. ஓட்டலை," என்றார் ஆர்மண்ட்.

"போடச் சொல்றேன்ல."

"பொய்க் கணக்கு எழுதச் சொல்றியா? அந்த ரெண்டாயிரம் போனாப் போகட்டும்."

லொரெய்ன் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள். "ஓட்டினேன். நீ ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பினதும் ஓட்டினேன். அன்னைக்கும் ஓட்டினேன், மறுநாளும் ஓட்டினேன், தினமும் ஓட்டினேன். உன் வண்டி சத்தம் கேட்டா அணைச்சுட்டு, அடுப்புல ஒரு கட்டையைத் தள்ளிட்டு உக்காந்துருவேன். போதுமா?"

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அந்த இரண்டு வாரமும் ஆர்மண்ட் காப்பிக் கடையில் அளந்துகொண்டிருந்தார்: "மஞ்சள் பிர்ச் விறகு! காலையில ஒரு கட்டை போட்டா சாயங்காலம் வரைக்கும் சூடு நிக்குது!" மூன்று பேர் அந்த விறகைக் கேட்டு வீடு தேடி வந்தார்கள். ஒரு மனிதரின் மானம் என் பேனா முனையில் நின்றது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவதுபோல நடித்தேன்.

5

முடிவு அ: ஆர்மண்ட் எழுந்து போய்விடுகிறார். (மாட்டார். நடந்தால் வீடு ஒன்பது மைல், வண்டிச் சாவி லொரெய்ன் பையில்.)

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு— (எங்கள் ஊரில், அதுவும் நூலகத்தில்? கிடையாது.)

நடந்தது இது. பேச்சை மாற்ற லொரெய்ன் இயந்திரத்தைப் புகழ ஆரம்பித்தாள். "நல்ல மெஷின். ஜனவரியில மூணடி பனி கொட்டுச்சே, வெளியில இருக்குற பெட்டி மூடவே இல்லை. வடகாத்து அப்படியே பெருக்கித் தள்ளிடுது."

ஆர்மண்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"காத்து எங்கேயாவது சதுரமாப் பெருக்குமா, லொரெய்ன்?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாலு பக்கமும் ரெண்டடி விட்டு, மூலை மூலையா வழிச்சிருக்கு. காத்தா செஞ்சுது?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முப்பத்தொண்ணாம் தேதியிலேர்ந்து. தூண்டில் புழு டப்பாவை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். விசிறி சுத்திட்டிருந்துச்சு."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் விறகு விறகுன்னு பீத்தினே?"

"ஊருக்காகவா பீத்தினேன்?" ஆர்மண்ட் என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைப் பார்த்தார். "குட்டு வெளிப்படாம இருக்கணும்னு நீ தினம் சாயங்காலம் சொன்னியே, 'என்னமா நிக்குது உன் விறகு'ன்னு. நாப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்லை. அதை விட மனசு வரலை."

அதற்காக இரண்டாயிரம் டாலரை மட்டுமில்லை, அரசாங்கத் தாளில் பொய் எழுதாத பிடிவாதத்தையும் விடத் தயாராக இருந்திருக்கிறார். லொரெய்ன் கைக்குட்டை தேடுவதாகப் பையைக் கிளறினாள். நான் மறுபடியும் இருமினேன், இந்த முறை வேறு காரணத்துக்காக.

6

என் குற்றத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சட்டம் கேட்பது இயந்திரம் மாட்டி முடிந்து ஓடத் தயாரான நாளை. அதைக் கணவன் பார்க்க ஓட்டினார்களா, பார்க்காமல் ஓட்டினார்களா என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை. டிசம்பர் முப்பது முதல் நொடியிலேயே சரியான பதில். அது எனக்கு ஆர்மண்ட் வாயைத் திறந்தபோதே தெரியும். சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கிளம்பியிருப்பார்கள், நான் பெயரை மாற்ற ஒரு கதையும் இருந்திருக்காது. வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டிய அளவுக்கு இல்லை.

இரண்டாயிரத்தைக் கழித்துப் படிவத்தை அனுப்பிவிட்டேன். வாசல்வரை போனார்கள். லொரெய்ன் அவருடைய மஃப்ளரை இழுத்து இறுக்கிக் கட்டினாள், கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள். என் கதை அந்த வாசலோடு நிற்கிறது.

அன்று சாயங்காலம் ஆர்மண்ட் ஒரு கை விறகோடு வீட்டுக்குள் வருவார். ஹீட் பம்ப் ஒளிவுமறைவு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அடுப்புக்கு வேலையே இல்லை. அவர் கட்டையை வைத்துவிட்டு, ஒன்றும் எதிர்பார்க்காதவர்போல, அங்கேயே கொஞ்சம் நிற்பார்.

லொரெய்ன் என்ன சொல்வாள் என்று நீங்கள்தான் எழுதவேண்டும். தேதியை மட்டும் நான் நிரப்பிவிட்டேன்.