சி3 வந்த நாள்

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் றப்பர் பால் வெட்டும் பிலோமினாவுக்கு இரண்டு வருடமாக மூட்டு வீக்கமும் முகத்தில் சிவப்புத் தடிப்பும் இருந்தன. அவள் வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார் வேலையை மேற்பார்க்கும் தோட்டக் கணக்கப்பிள்ளை. 2004இல் கிளினிக் டாக்டர் அவளுடைய இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு கேட்டு மூன்று முறை பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பினாள்.

நான்காம் முறைதான் கிளினிக் நர்ஸ் அருள்செல்வி விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, ரத்தத்துல சி3ன்னு ஒரு புரதம் இருக்கு. வேற யாரோ மனுஷரோட ரத்தத்துல இருந்து சுத்தமா பிரிச்செடுத்த சி3யோட ஒப்பிட்டுத்தான் உங்களோடத அளக்கணும். அது வெளிநாட்டுல இருந்து வர சுணங்கிருச்சு. இப்ப பார்த்துட்டாங்க. உங்களுக்கு ரொம்பக் குறைவு. லூபஸ்ங்கிற வருத்தம்னு டாக்டர் சொல்றார், நம்ம உடம்பே நம்மளத் தாக்குற நோய்; மூட்டு வீக்கமும் தடிப்பும் அதாலதான்."

"சுகமாகுமா?"

"முழுசா ஆகாதுக்கா. மருந்துக் குளிசை போட்டா அடங்கியிருக்கும். வெயில்ல நிக்காதீங்க."

பிலோமினா நர்ஸின் பக்கம் குனிந்து கேட்டாள்.

"அப்ப நான் நடிக்கலதானே?"

"இல்லக்கா."

மறுநாள், அவள் வெயிலில் வேலை செய்யக்கூடாது என்ற டாக்டரின் கடிதத்தை வாசித்த கணக்கப்பிள்ளை, அவள் முகத்தைப் பார்க்காமலே ஸ்டோரில் றப்பர் ஷீட் தரம் பிரிக்கும் வேலைக்கு அவளை மாற்றினார். பிலோமினாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஸ்டோர்த் தரையில் உட்கார்ந்து வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டாள். எழுந்திரு என்று யாரும் அதட்டவில்லை.