நாற்பத்தாறாம் டோக்கன் உட்காரவில்லை

எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று சீட்டும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கின்றன. சந்தேகமிருந்தால் வந்து பாருங்கள்.

என் பெயர் காளியம்மை. வயது நாற்பத்திரண்டு. மட்டாஞ்சேரியில் மாநகராட்சித் துப்புரவு வேலை. பிறந்ததும் இங்கேதான். வீட்டுக்குள் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். பஜார் ரோட்டில் மிளகு, சுக்குக் கிடங்குகளுக்கு முன்னால் பெருக்கி, குப்பையை உந்துவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இரண்டு வருடமாக அந்த வண்டியைத் தள்ளினால் மூச்சு வாங்கியது. முதலில் கொஞ்சம்தான். பிறகு பத்தடிக்கு ஒரு தரம் நிற்க வேண்டி வந்தது. கண் இருட்டும், சாயங்காலம் கால் வீங்கும். இப்படியே போனால் ஒருநாள் வண்டிக்குப் பக்கத்திலேயே விழுந்து செத்துப்போவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர்களுக்குத்தான் தெரியவில்லை.

முதல் டாக்டர் மிளகுத் தூசி என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கிற பம்பு கொடுத்தார். இரண்டாமவர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அதைத் தின்று வயிறு கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாவது மாளவிகா டாக்டர். பாலக்காட்டுக்கார ஐயர் வீட்டுப் பெண், சின்ன வயது. தமிழ் பேசுவார் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது.

"நெஞ்சுல சத்தம் ஒண்ணும் கேக்கலை. ஈசிஜியிலயும் பெருசா ஒண்ணும் காணலை" என்றார். "மனசுல ஏதாவது கஷ்டம் உண்டோ?"

"உண்டு டாக்டரே. வண்டி தள்ள முடியலைங்கற கஷ்டம்."

சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அடுத்த மாதம் ஒருநாள், என்னோடு வண்டி தள்ளும் ஜிஷா, கோவிட் காலத்தில் வாங்கிய, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் விரல் மெஷினை வீட்டிலிருந்து எடுத்து வந்தாள். வேலை தொடங்குமுன் என் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு.

"சேச்சிக்கு ஒரு கேடும் இல்லை. சும்மா வேலைக்கு மட்டம் போடப் பாக்குற" என்று கிண்டல் செய்தாள்.

"போடி."

பாலத்துப் பக்கம் ரோடு மேடாக ஏறும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு வரவில்லை. ஜிஷா பயந்துபோய் மறுபடி மெஷினை மாட்டினாள். எண்பத்திரண்டு.

"மெஷின் கேடாயிடுச்சு" என்று தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. திரும்ப என் விரல். எண்பத்து மூன்று. அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னை ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார வைத்தாள். ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் எண் தொண்ணூற்றைந்துக்கு வந்துவிட்டது.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி! நானல்லவா என் நோயை ஒளித்து வைத்திருக்கிறேன்!

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செத்தாலும் வேலைக்கோலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டோம். குப்பைக்காரி வந்திருக்கிறாள் என்று எவனாவது மூக்கைப் பொத்துவான், டாக்டர் தொடத் தயங்குவார். அதனால் லீவு நாளில் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டி, பவுடர் பூசி, ஆட்டோ பிடித்துத்தான் போவோம். போய் ஃபேனுக்கு அடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். மூன்று டாக்டர்களும் பார்த்தது, நன்றாக ஓய்வெடுத்த ஒரு கல்யாணப் பெண்ணை. வண்டி தள்ளும் காளியம்மையை அவர்கள் பார்த்ததே இல்லை.

"ஜிஷா, நட" என்றேன். "இப்பவே போறோம்."

"இந்தக் கோலத்துலயா?"

"இந்தக் கோலத்துலதான்."

வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டோடும் குப்பையின் மீன் நாற்றத்தோடும் மாளவிகா டாக்டரின் ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தான்.

"குளிச்சிட்டு வந்தாப் போதும் சேச்சி."

"குளிச்சா நோவு ஒளிஞ்சிக்கும். நகரு."

டோக்கன் நாற்பத்தாறு. உள்ளே அப்போது இருபத்தொன்று போய்க்கொண்டிருந்தது. பெஞ்சில் இடம் இருந்தது. பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதால் தாராளமாகவே இருந்தது. ஆனால் நான் உட்காரவில்லை. ஜிஷாவை அறை வாசலில் நிற்க வைத்துவிட்டு, மாடி வார்டுக்குத் தள்ளுவண்டி ஏற்றும் சரிவுப் பாதையில் மெல்ல ஏறி இறங்கினேன். மெஷின் என் விரலிலேயே இருந்தது. எண் தொண்ணூறைத் தாண்டினால் மறுபடி ஏறுவேன். அடுப்பில் சோறு ஆறிப்போகாமல் பார்ப்பதுபோல மூச்சிரைப்பு ஆறாமல் பார்த்துக்கொண்டேன். இதெல்லாம் செய்யக்கூடாத காரியம், அங்கேயே விழுந்திருக்கலாம் என்று பின்னால் டாக்டர் திட்டினார். நியாயம்தான். நீங்கள் யாரும் செய்யாதீர்கள்.

"இங்கே வந்து உட்காரேன்மா, பாக்கவே பயமாயிருக்கு" என்று நர்ஸ் கையைப் பிடித்தாள்.

"உட்கார்ந்தா சுகமாயிடுவேன், சிஸ்டரே. விடுங்க."

நாற்பத்தைந்து உள்ளே போனதும் ஜிஷா கத்தினாள். கடைசியாக ஒரு தரம் ஏறி இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மாளவிகா டாக்டர் என் உதட்டைப் பார்த்தார். அது நீலமாகியிருந்ததாம். நான் பேச முடியாமல் விரலை மட்டும் நீட்டினேன். எண்பத்தொன்று.

அவர் மூக்கைப் பொத்தவில்லை. எழுந்து வந்து, அழுக்குக் கோட்டைத் தன் கையாலேயே கழற்றி, என்னைச் சாய்த்துப் படுக்க வைத்து ஆக்சிஜன் மாட்டினார். கழுத்து நரம்பைப் பார்த்தார். கணுக்காலை அழுத்தினார், குழி விழுந்தது. நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். எனக்கு மூச்சு அடங்கிய பிறகு இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க அவரே கூட வந்தார்.

"இதயத்தோட வலது பக்கம் பெருசாயிருக்கு" என்றார். "நுரையீரலுக்கு ரத்தம் போற குழாய்ல பிரஷர் ஜாஸ்தி."

"எனக்கு ஏது பிரஷர்? நூத்தியிருபது எண்பதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அது கையில கட்டிப் பாக்கற பிரஷர். இது வேறேயாக்கும். கையில கட்டினா இது தெரியாது." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "போன மாசம் உங்களை உக்கார வெச்சே பாத்து அனுப்பிட்டேன். நடக்க வெச்சுப் பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

தப்பை ஒப்புக்கொள்ளும் டாக்டரை அன்றுதான் பார்த்தேன். இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"வீட்டுல யாருக்காவது இதய நோய் உண்டோ?"

"கிடையாது."

எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்து வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தத்தை அளந்தார்கள். பல்மனரி ஹைப்பர்டென்ஷன் என்று பெயரும் வைத்தார்கள். முழுதாக மாறாது, மாத்திரையால் பிடித்து நிறுத்தலாம், வண்டி தள்ளவே கூடாது என்றார்கள். மாநகராட்சியில் அந்தச் சீட்டைக் காட்டிச் சண்டை போட்டு, உட்கார்ந்து குப்பை பிரிக்கும் வேலையை வாங்கிக்கொண்டேன்.

மாத்திரை வாங்கப் போனது ஒரு கூத்து. மருந்துக்கடை முகமது இஸ்மாயில் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். ஆண்கள் வேறொரு காரியத்துக்கு ரகசியமாக வாங்கிப் போகும் மாத்திரையாம் அது.

"இது... வீட்டுக்காரருக்கா?"

"அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. எனக்குத்தான், நெஞ்சுக்கு. எடுங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நடுவில் நிறுத்தாமல் சிரிக்க மூச்சு வேண்டும் அல்லவா, அது மாத்திரை தின்ற ஒரு மாதத்திலேயே வரத் தொடங்கியது.

அடுத்த முறை போனபோது மாளவிகா டாக்டர் என்னை வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க வைத்து அளந்தார். சந்தோஷப்பட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, எக்கோ எடுத்த அன்று கேட்ட கேள்வியை வேறு மாதிரி கேட்டார்.

"இதய நோயை விடுங்கோ. உங்க குடும்பத்துல யாராவது மூச்சு முட்டிச் செத்துப்போனதுண்டோ?"

இவ்வளவு பேசிய நான் என் அக்கா வசந்தியைப் பற்றி உங்களிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை. ஆஸ்துமா என்றுதான் சொன்னார்கள். முப்பத்து நாலு வயதில் போனாள். ஒரு குடம் தண்ணீர் எடுத்து வர நடுவில் இரண்டு இடத்தில் உட்காருவாள். "மடிச்சி, சோம்பேறி, மேல் வளையாதவ" என்று தெருவே கேட்க அவளைத் திட்டியவள் நான். செத்த பிறகும், உங்க அம்மாவுக்கு மடி, சோம்பல் என்றுதான் அவள் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

"சில குடும்பங்கள்ல இது தலைமுறையா வரும்" என்று மெதுவாகச் சொன்னார். "அக்காவுக்குக் குழந்தைகள் உண்டோ?"

ஒரே மகள், தன்யா. பத்தொன்பது வயது. பள்ளுருத்தியில் அப்பாவோடு இருக்கிறாள், இடப்பள்ளியில் துணிக்கடையில் வேலை. அங்கேயே உட்கார்ந்து போன் செய்தேன்.

"தன்யா, உனக்கு மூச்சு முட்டுதா?"

"எனக்கா? இல்லையே சித்தி. ஸ்டாக் எடுக்க மாடி ஏறும்போது மட்டும் கொஞ்சம் வாங்கும். அது நோவு ஒண்ணும் இல்லை." சிரித்தாள். "எனக்கு மடி, சித்தி. அம்மா மாதிரி."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டாக்டர் அதற்குள் ஒரு புதுச் சீட்டை எடுத்துத் தன்யாவின் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கியிருந்தார்.

"மடி இல்லடி, கண்ணே. உங்க அம்மாவுக்கும் மடி இல்லை" என்றேன். "இனி மாடி ஏறாதே. கீழேயே உட்காரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

இடப்பள்ளிக்குப் பஸ் பிடித்தேன்.