சுத்தமான பின்னணி

ஓய்வு பெற்ற ஆண்களுக்கு ஒஹையோவில் மீன்பிடித்தல் இருக்கிறது, கோல்ஃப் இருக்கிறது. என் புருஷன் லோவலுக்கு மட்டும் பூவுக்கு முன்னால் கேமராவை நீட்டிக்கொண்டு குப்புறப் படுக்கும் வியாதி வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் கேமரா கிளப்பின் வசந்தகாலக் கோப்பையை வருடா வருடம் வெர்ன் என்ற உறுப்பினன் தட்டிக்கொண்டு போகிறான். லோவலிடம் நடுவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: பூ அருமை, பின்னணிதான் ஒரே குப்பை.

இந்த வருடம் என் டிரில்லியம், மூன்றிதழ் காட்டுப்பூ, முதல்முறையாகப் பூத்தது. மேப்பிள் மரத்தடியில் நானே விதை போட்டது. அது பூவுக்கு வர ஏழெட்டு வருடம் ஆகும். அதற்குள் எங்கள் பிள்ளைகளே வளர்ந்து வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். மான் தின்றுவிடாமல் வலை கட்டிக் காத்தேன். தண்டுக்கு ஒன்றாக ஐந்து வெள்ளைப் பூக்கள் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. லோவலுக்குக் கோப்பை ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் கேமராவோடு பூவுக்கு முன்னால் போய்ப் படுத்துவிட்டான். அவ்வளவு கிட்டத்தில் மகரந்தம் தெளிவாகத் தெரிந்தால் இதழ் மங்கும், இதழ் தெளிவானால் மகரந்தம் மங்கும். அதனால் ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒரே பூவைப் பல படம் எடுத்துக் கணினியில் ஒன்றாக்குவான். நடுவில் பூ அசைந்தால் எல்லாம் பாழ். காற்றை மறைக்கக் குடை பிடிப்பது என் உத்தியோகம்.

"மூச்சு விடாத, கொரின்."

"விடாம இருந்தா செத்துடுவேன்."

"கொஞ்சம் பொறுத்துக்கோயேன். முக்கியமான இதழ்."

"அப்ப நான் உள்ள போய் மூச்சு விட்டுட்டு வரேன்."

காபியோடு திரும்பி வந்தபோது ஒரு பூதான் நின்றது. மற்றவை இலையோடு வெட்டுப்பட்டு அவன் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தன.

"என்ன பண்ணி வச்சிருக்க, லோவல்?"

"பின்னாடி வெள்ளை வெள்ளையா தெரிஞ்சுது. கிளப்ல எல்லாரும் சுத்தம் பண்ணிட்டுத்தான் எடுப்பாங்க," என்றான், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "குடையப் பிடி."

அந்தக் காபியை அவன் முதுகில் ஊற்றாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

அந்த வாரக் கடைசியில் போட்டி. திரையில் என் பூ சுவர் அளவுக்கு நின்றது. ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. பின்னால் வெறும் பச்சை. வெளியூரிலிருந்து வந்திருந்த புது நடுவர் அம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

"கூர்மை பிரமாதம். ஆனா பூ அனாதையா நிக்குது. பின்னாடி இதே பூ இன்னும் சிலது மங்கலா தெரிஞ்சிருந்தா, யோசிக்காம முதல் பரிசு குடுத்திருப்பேன்."

கோப்பை வழக்கம்போல வெர்னுக்குப் போனது.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். பாதி வழியில் லோவல் என் பக்கம் திரும்பினான்.

"அடுத்த வருஷம் வெட்டாம எடுத்துடறேன், கொரின்."

"இலையோட போனா மண்ணுக்குள்ள இருக்கற கிழங்குக்குச் சாப்பாடே கிடையாது. அடுத்த வருஷம் உயிரோட இருந்தாலே பெரிசு. மறுபடி பூக்கறத நான் பாப்பேனான்னே தெரியல."

அவன் முகம் தொங்கிப்போனது. ஒருவழியாகப் புரிந்துகொண்டான் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"வெர்ன் பொண்டாட்டி டார்லீன் தோட்டத்துல நிறைய பூத்திருக்காமே," என்றான். "அடுத்த வருஷத்துக்கு இப்பவே எடுத்து வச்சுக்கலாம்ல?"

வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் டார்லீனுக்குப் போன் செய்து, வேலிக் கதவைப் பூட்டிவைக்கச் சொன்னேன்.